அருகில் ஒருவர்

உறைந்த ஏரியின் நடுவே, ஜனவரி மாதத்தில் பிற்பகல் மூன்றரை மணிக்கே கவிந்துவிட்ட இருட்டில், கொட்டும் பனியில் பாதை காட்ட நட்டிருந்த குச்சிகள் கண்ணில் படாமல் திசை தவறி நின்றான் ஒஸ்மோ. அப்போது அவன் வடிவமைத்த செயலி போனில் காட்டியது: 'அருகில் ஒருவர். 200 மீட்டர்.'

சுற்றிலும் காற்றின் ஊளையும், மூச்சில் நனைந்த கம்பளியின் நாற்றமும் தவிர எதுவும் இல்லை. இந்நேரம் இங்கே யார்?

மனைவி மெர்வி போனில் அழைத்தாள்.

"எங்க இருக்க? மீன் சூப் ஆறிப்போச்சு."

"ஏரியிலதான். வந்துட்டே இருக்கேன்."

"பாலத்து வழியா வந்தா கால் தேஞ்சிருமா? ஹில்க்கா போனதுக்கப்புறமும் உனக்குப் புத்தி வரல."

"அது நவம்பர். இப்போ ஐஸ் மேல காரே போகும். வை."

எதிர்க்கரை நர்ஸ் ஹில்க்கா. அக்கம்பக்கத்தாரிடம் யோசனை கேட்கும் அந்தச் செயலியில் நவம்பரில் கேட்டிருந்தாள்: "ஐஸ் தாங்குமா?" அப்போது அதில் ஈ காக்கை கிடையாது. கூட்டம் இருப்பதாகக் காட்ட, அலுவலகச் சூட்டில் காபியை உறிஞ்சியபடி ஒஸ்மோவே ஒரு போலிப் பெயரில் பதில் எழுதினான்: "கல்லு மாதிரி இருக்கு. காலையிலதான் நடந்தேன். தைரியமா வாங்க."

அதை நம்பி நடந்தவளின் காலடியில் ஐஸ் உடைந்தது. அவள் உடல் கிடைக்கவே இல்லை. அன்று மாலையே அவள் கேள்வியையும் தன் பதிலையும் அவள் கணக்கையும் அழித்தான். மறுநாள் கரையில் அழுதவர்களோடு சேர்ந்து மெழுகுவர்த்தியும் ஏற்றினான், பாவி.

யோசனை சொல்பவரின் பெயர் மூன்றாவது பதிலில்தான் தெரியும். அவன் வைத்த விதி அது. விரல் விறைக்க எழுதினான்: 'கரை எந்தப் பக்கம்?'

'நேரா வாங்க.'

நடந்தான். 120. 80. காலடியில் பனி நறநறத்தது. 60. எதிரே நிழல்கூட இல்லை.

'கல்லு மாதிரி இருக்கு. காலையிலதான் நடந்தேன். தைரியமா வாங்க.'

நின்றுவிட்டான்.

40.

அவன் நகரவில்லை.

20. 5.

"யாரது?" சுற்றும் முற்றும் திரும்பிப் பார்த்தான்.

0.

யாருமில்லை. முன்னால் இல்லை. பின்னால் இல்லை. அப்போதுதான் நினைவு வந்தது. அவன் செயலிக்கு உயரமும் ஆழமும் தெரியாது.

குனிந்து கையுறையால் பனியைத் துடைத்தான். ஒரு முழம் தடித்த ஐஸுக்கு அடியில் நீலமாக ஒரு போன் வெளிச்சம். அதன் பக்கத்தில், ஐஸோடு ஒட்டி, விரித்த ஒரு வெள்ளை உள்ளங்கை.

அவன் கையில் போன் அதிர்ந்தது. மூன்றாவது பதில். மேலே பெயர்: ஹில்க்கா.

'இப்போ நீங்க சொல்லுங்க. ஐஸ் தாங்குமா?'

கீழே அந்த ஐந்து விரல்களும் மெல்ல மடங்கின. அவை ஒட்டியிருந்த இடத்திலிருந்து ஐந்து விரிசல்கள் அவன் பூட்சை நோக்கி ஓடிவந்தன.