நாட்டமானி நிற்காத வீடு

கூர்மலைக்கு வருகிறவர்களில் பவிசு தெரிந்தவர்கள் மனிதன் ஓட்டும் வண்டியில்தான் வருவார்கள். தானே ஓடும் தானோட்டி எவருக்கும் கிடைத்துவிடும். வெள்ளைச் சீருடை போட்ட ஓர் ஆள் கதவைத் திறந்து, "வாங்க சார், பாத்து உக்காருங்க" என்று சொல்ல வேண்டுமென்றால் பல மாதம் முன்பே பதிந்து வைக்க வேண்டும். அந்த ஆள் மகிழன். 'சாரதி' நிறுவனத்தின் ஒரே மலை ஓட்டுநர்.

மலை உச்சியில் பழைய பாளையக்காரர் கோட்டை. அதற்குள் மூன்று தலைமுறையாக ஓவியர்கள் மட்டுமே குடியிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு ஓவியக்கூடம். வாசல் சுவரில் மாதிரிக்கு ஒரு படம் மாட்டியிருக்கும். எல்லா வீட்டையும் பார்க்க ஒரு நாள் போதாது. அதனால்தான் வண்டியில் நாட்டமானி வைத்தார்கள். இருக்கைக்குள் தைத்த அந்தக் கருவி அமர்ந்திருப்பவரின் நாடித் துடிப்பைக் கேட்டுக்கொண்டே வரும். வண்டி கோட்டைத் தெருவில் ஊர்ந்து போகும்போது எந்தப் படத்துக்கு முன்னால் இதயம் துள்ளுகிறதோ அங்கே வண்டி நின்று, "உங்கள் மனம் இங்கே இறங்கச் சொல்கிறது" என்று இனிமையாகப் பேசும். அதைக் கேட்டவுடனேயே பாதிப் பேருக்குக் கண் கலங்கிவிடும். சொந்த மனம் பேசினால் யாருக்குத்தான் கலங்காது!

ஊர்க்கூட்டமும் இதை வைத்தே போன தைப்பூசத்தில் ஒரு விதி போட்டது. ஒரு தைப்பூசத்திலிருந்து அடுத்த தைப்பூசத்துக்குள் சாரதி வண்டி ஒரு முறையாவது நிற்காத வீட்டைக் காலிசெய்து, கீழே காத்திருக்கும் வேறோர் ஓவியருக்குக் கொடுத்துவிட வேண்டும். தானோட்டி நிற்பது கணக்கில் சேராது. மானி சொல்லாமல் ஓட்டுநரே நிறுத்தினாலும் சேராது. அவன் வேலையும் போய்விடும். முன்பெல்லாம் மாமன் மச்சான் செல்வாக்கில் வீடு கிடைத்தது. இப்போது இயந்திரம் முடிவு செய்வதால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

இதழினிக்கு மட்டும் இருந்தது. அந்த வருடம் முழுக்க அவள் வாசலில் வண்டி நிற்கவேயில்லை. அவள் மகிழனின் மனைவி. நல்ல ஓவியக்காரி என்று மகிழன் சொன்னால் ஒருதலைப்பட்சமாகத் தெரியும். ஆனால் நல்ல ஓவியக்காரிதான். அடுப்பில் பொங்கும் பால், கொடியில் காயும் சீருடை, மதியத் தூக்கத்தில் வாய் பிளந்த கணவன் என்று வீட்டுக்குள் இருப்பதையே வரைவாள். தைப்பூசத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் கரூரிலிருந்து பிரவீன்குமார் தாத்தா தனியாக வந்தார். பாயும் புலி ஒன்றின் படத்துக்கு முன்னால் வண்டி நின்று, அவர் மனம் துள்ளியதாக அறிவித்தது. தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார்.

"தம்பி, எனக்குள்ள இருக்கறது செயற்கை இதயம். பேட்டரில ஓடுது. புலி நேர்லயே வந்து நின்னாலும் ஒரே சீராத்தான் அடிக்கும். எப்படித் துள்ளுச்சு?"

மகிழனுக்கு வியர்த்துவிட்டது. வண்டியில் இருந்தது இரண்டே பேர்.

விஷயம் இதுதான். தானோட்டியில் ஓட்டுநர் கிடையாது. முன்னால் வலப்பக்க இருக்கைதான் விருந்தினருக்கு. அங்கிருந்துதான் காட்சி நன்றாகத் தெரியும். நாட்டமானியை அதில்தான் தைத்திருந்தார்கள். ஆடம்பரத்துக்காகத் தானோட்டி ஒன்றுக்கு ஸ்டியரிங் பொருத்தி மகிழனை அங்கே உட்காரவைத்தவர்கள், மானியைப் பின் இருக்கைக்கு மாற்ற மறந்துவிட்டார்கள். இத்தனை காலமும் துள்ளியது மகிழனின் இதயம். புலி என்றால் சிறுவயதிலிருந்தே அவனுக்கு நடுக்கம். மதிய நேரமென்றால் பிரியாணிப் படத்துக்கு முன்னால் துள்ளும். தற்கால ரசனை ஏன் புலியையும் பிரியாணியையும் நாடுகிறது என்று விமர்சகர்கள் கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளியிருந்தார்கள்.

அவன் நிறுவனத்துக்குப் பேசினான். மேலாளர் எடுத்தார். "வந்தவங்க யாராவது குறை சொன்னாங்களா? இல்லல்ல? அப்ப வாய மூடிக்கிட்டு ஓட்டுங்க. உங்க நெஞ்சு நல்லாத்தான் ஓடுது" என்று வைத்துவிட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். மனுஷன் வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னான்.

இதழினி தூரிகையைக் கழுவுவதை நிறுத்தினாள். "அப்ப ஒரு வருசமா என் வாசல்ல நிக்காமப் போனது அந்த மிஷின் இல்ல. நீயா மாமா?"

"நான் என்ன புள்ள பண்ணுவேன்? அது பாட்டுக்கு..."

"கண்ட புலியப் பாத்துத் துள்ளுதுல்ல? சோத்தப் பாத்துத் துள்ளுதுல்ல? கட்டுன பொண்டாட்டி படம் போட்டு மாட்டியிருக்கேன், ஒரு தடவ துள்ளக் கூடாதா?"

"நம்ம வாசலப் பாத்தாலே எனக்கு எல்லாம் அடங்கிப் போயிருது புள்ள. மலை ஏறுன படபடப்பு, வந்தவங்க தொந்தரவு, எல்லாம். அது எப்படித் துள்ளும்?"

"அத மிஷின்கிட்டப் போயிச் சொல்லு. வீட்ட அதுதான் புடுங்கப் போகுது."

அவன் சொன்னது சத்தியம். பாவம், அதைக் கேட்டுக்கொள்ள ஒரு கருவியும் அதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

அதன் பிறகு மகிழன் என்னென்னவோ செய்து பார்த்தான். தன் வீடு வரும்போது மூச்சை அடக்கினான். காது ரெண்டும் அடைத்ததுதான் மிச்சம். ஒரு நாள் பச்சை மிளகாயைக் கடித்தான். காரம் மெதுவாக ஏறி, நாலு வீடு தள்ளிப் பூசணிக்காய் மட்டுமே வரையும் ஒருவர் வாசலில் வண்டி நின்றது. அவர் ஓடிவந்து மகிழனின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். இதழினி சன்னலிலிருந்து இதைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவனோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாள் கோயம்புத்தூரிலிருந்து புதுமணத் தம்பதி வந்தார்கள். கோட்டைத் தெருவில் வண்டி ஊர்ந்தது. மகிழன் எதையும் முயலவில்லை. இன்று நிற்காவிட்டால் நாளை வீடு இல்லை என்பது மட்டும் மனத்தில் ஓடியது. தன் வாசல் வந்ததும் வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தான்.

சுவரில் படம் இல்லை. கதவில் பூட்டுத் தொங்கியது. படியில் இதழினியின் துணிப்பை கட்டி வைக்கப்பட்டிருந்தது.

"உங்கள் மனம் இங்கே இறங்கச் சொல்கிறது" என்று வண்டி சொல்லி முடிப்பதற்குள் மகிழன் இறங்கி ஓடியிருந்தான். விருந்தினருக்குக் கதவைத் திறந்துவிட மறந்தது அவன் வேலைக் காலத்தில் அந்த ஒரு நாள்தான். "இதழினி! ஏ புள்ள!" என்று கதவைத் தட்டினான். வீட்டைச் சுற்றிக்கொண்டு அவள் சாவியோடு வந்தாள்.

"போயிட்டன்னு நெனச்சேன்" என்றான்.

"நெனைக்கட்டும்னுதானே பூட்டுனேன்" என்றாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்கும் சிரிக்க வரவில்லை. தாங்களே இறங்கி வந்து நின்ற தம்பதியிடம், "வாங்கம்மா, உள்ள வாங்க" என்றாள்.

புதுமணப்பெண் பால் பொங்கும் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். "பூட்டிக் கெடந்த வீட்ட எம்மனசு எப்படிங்க கண்டுபுடிச்சுது?" என்று கணவனிடம் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மகிழன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீடு தப்பித்தது. பூட்டிய வீட்டைத் தேடி மனம் நிற்கும் அதிசயம் ஊரெல்லாம் பரவ, அதைப் பார்க்கவே ஆட்கள் பதிந்தார்கள். வண்டி வரும் நேரத்துக்கு இதழினி பூட்டைப் போட்டுவிட்டுப் பின்பக்கம் போய்விடுவாள். அது நாடகம் என்று மகிழனுக்கு நன்றாகத் தெரியும். அவன் நெஞ்சுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் துள்ளியது, ஒவ்வொரு முறையும் வண்டி நின்றது.

சித்திரை பிறந்தபோது ஒரு சாயங்காலம் வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு அவன் நடந்தே வீட்டுக்கு வந்தான். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாசலில் கால் வைத்ததும் நெஞ்சு தடதடவென்று அடித்தது. அவன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. நீ இருக்கியான்னு பாத்தேன்."

இதழினி எழுந்து வந்து ஈரக்கையை அவன் நெஞ்சில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

"அடங்கட்டும்" என்றாள். "அப்புறம் சாப்பிடலாம்."