ஜப்பான் எஞ்சினியர் வைத்த வயர்

மழைக்கு ஒதுங்க, பிரிக்பீல்ட்ஸ் இசைக்கருவிக் கடைக்குள் ஓடிவந்த தாமரையின் கண்ணில் முதலில் பட்டது ஒரு கூலிங் கிளாஸ். வெளியே இருட்டிக்கொண்டு கொட்டுகிறது... உள்ளே ஒருவன் கறுப்புக் கண்ணாடியோடு எலெக்ட்ரிக் கித்தார் வாசிக்கிறான்!

“புது பிக்கப் ரெண்டும் ஜப்பான் எஞ்சினியர் கைப்பட மாட்டினதுலா,” என்று தன் குழுவின் பாடகர் திருச்செல்வத்திடம் அளந்துகொண்டிருந்தான் தனேஷ்.

கம்பியின் அதிர்வைப் பிடித்து ஒலியாக்கும் அந்தப் பட்டைகள் தனித்தனியே அருமையாகத்தான் பேசின. இரண்டையும் சேர்த்துப் போட்டான்... ஞொய்ங்!

தாமரை சிரித்துவிட்டாள்.

“என்ன சிரிப்பு? இதான் விண்டேஜ் டோன்!”

“எங்க வீட்டுக் கொசுவும் இதே டோன்லதான் பாடும், பாஸ்.”

கோபமாகக் கண்ணாடியைக் கழற்றினான். ஐயோ... இந்தக் கண்களையா இவ்வளவு நேரம் மூடி வைத்திருந்தான்? தாமரைக்குக் கொசு மறந்துபோனது.

“ஒரு பிக்கப்போட ரெண்டு வயரும் இடம் மாறியிருக்கு. அதான் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு அமுக்குது. மூடியத் திறங்க, மாத்திடலாம்.”

“திறக்கக்கூடாது!”

திறந்தால் வயர்களை ஒட்டிய சாலிடர் ஈயம் பற்பசை பிதுக்கியதுபோல் தெரியும். வைத்தது ஜப்பான் அல்ல. காப்பார் ஊரில், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், வீடியோ பார்த்துப் பார்த்து, சாட்சாத் தனேஷ்!

“டேய், இந்தச் சத்தத்தோட சாயங்காலம் கிள்ளான் கல்யாணத்துல மேடை ஏறுனா மாப்பிள்ளையே எழுந்து போயிடுவாரு. திறக்கிறியா, வேற ஆளைக் கூப்பிடவா?” என்றார் திருச்செல்வம்.

தனேஷ் வெளியே பார்த்தான். மழை குறைந்துகொண்டிருந்தது. விட்டுவிட்டால் இவளும் போய்விடுவாளே...

“எஞ்சினியரும் இல்ல, ஜப்பானும் இல்ல... நான்தான் வச்சேன்.”

திருச்செல்வம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாமரை சிரிக்கவில்லை.

“நானும் மொத தடவை இப்படித்தான் மாத்தி வச்சேன். கேட்டவங்ககிட்ட ஜாஸ் சவுண்டுன்னு சொல்லிட்டேன்...”

கடைக்காரரிடம் சாலிடரிங் அயன் வாங்கி இருவரும் குனிந்தார்கள். அவன் வயரைப் பிடிக்க, அவள் சூடு வைக்க, தலைகள் முட்டிக்கொண்டன... யாரும் அவசரமாக விலகவில்லை. மீண்டும் வாசித்தபோது கடையின் கண்ணாடிக் கதவே சிலிர்த்தது.

மழை விட்டிருந்தது. அவள் போகவில்லை.

“இன்னொண்ணும் சொல்லிடுறேன்,” என்றான். “நீங்க சிரிச்சதுமே... எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு. இதுல ஜப்பான்காரர் யாரும் இல்ல.”

“எனக்குந்தான்... அந்தக் கண்ணாடிய மட்டும் இனிமே போடாதீங்க.”

சாயங்காலம், கிள்ளான் மண்டபத்தில் மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்: “தம்பி, கூட வந்திருக்கிறது யாரு?”

தனேஷ் வாயைத் திறப்பதற்குள் தாமரை முந்திக்கொண்டாள்.

“ஜப்பான் எஞ்சினியர், அங்கிள்!”