கீழேயிருந்து விழுந்த வெளிச்சம்

டியூப்லைட் சுவரில் ஆளுயரத்துக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது. ஜாஸ்லினின் நிழல் மட்டும் கூரையில் கிடந்தது.

அடுப்படி வாசலில், கையில் சோற்றுத்தட்டோடு, அவள் அப்படியே நின்றுவிட்டாள். விளக்கு மேலே இருந்தால் நிழல் கீழே விழும். இதைத் தெரிந்துகொள்ள யாரும் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. தரையைப் பார்த்தாள். சிமெண்டுத் தரை, சுருட்டாத பாய், அதன் மேல் சாயங்காலம் கல்லறைக்குக் கொண்டுபோக வாங்கி வைத்த மெழுகுதிரிப் பொட்டலம். வெளிச்சம் தருகிற எதுவும் அங்கே இல்லை. ஆனாலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் நெளிவுகளில் ஏறி இறங்கிக்கொண்டு, கழுத்து நீண்டு, விரல்கள் ஈர்க்குச்சியாய் மெலிந்து, அவளுடைய நிழல் தலைக்கு மேலே கவிழ்ந்திருந்தது. தட்டை இடது கைக்கு மாற்றினாள். கூரையிலும் தட்டு கை மாறியது.

"ஜெரோஷா, சாப்பிட வாத்தா."

கட்டிலுக்கடியிலிருந்து மகளின் குரல் வந்தது. "அத்தை ஊட்டட்டும்."

"அத்தை கோயிலுக்குப் போயிருக்கா. நான் ஊட்டுறேன். மீனுல முள்ளெடுத்து வச்சிருக்கேன் பாரு."

"நீ கைய நீட்டாத." ஏழு வயதுக் குரல், அழுகைக்குச் சற்று முன்னால் நின்றது. "ஒன் கையப் பாத்தா எனக்கு பயமா இருக்கு."

தட்டைத் தரையில் வைத்துத் தள்ளிவிட்டு ஜாஸ்லின் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து தட்டை உள்ளே இழுத்துக்கொண்டது. பெற்றவளுக்கு இதைவிடக் கேவலம் வேறென்ன இருக்கிறது?

எல்லாம் அந்தப் படத்தால் வந்த வினை. போன வருஷம் தனுஷ்கோடிப் பக்கம் இடிந்த வீடொன்றில் பேய்ப்படம் எடுக்க ஆட்கள் வந்திறங்கினார்கள். மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஜாஸ்லினைப் பார்த்த டைரக்டர், பேய்க்கு இவள்தான் என்று பிடிவாதம் பிடித்தார். புருஷன் டேவிட்ராஜைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுச் சிரிப்பையே மறந்திருந்தவளுக்கு, சினிமா என்றதும் உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசை எட்டிப்பார்த்தது. இல்லையென்று சொல்ல முடியாது. இருக்கிற நிறத்தை மை பூசி இன்னும் கறுப்பாக்கினார்கள். தலைமுடியை விரித்துவிட்டார்கள். இடுப்பில் மீன்கூடை. கதையில் அவள் கூடையோடு தெருத்தெருவாக வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவள். கேமராவைத் தரையோடு தரையாக வைத்தார்கள், அவள் பனைமர உயரத்துக்குத் தெரிய. காட்சியைச் சாய்த்து எடுத்தார்கள், அவள் வந்தாலே வீடு ஒருபக்கம் சரிகிறது என்று தோன்ற. விளக்கை அவளுடைய தாடைக்குக் கீழே வைத்தார்கள். வெளியூரிலிருந்து வந்த செவத்த கதாநாயகிக்கு மட்டும் தலைக்கு மேலே பெரிய வெள்ளைத்துணி கட்டி, வெளிச்சத்தை அதன் வழியே வடிகட்டி இறக்கினார்கள். அந்தப் பெண் அழுதால்கூடப் பார்க்க அழகாக இருந்தது.

"எனக்கு மட்டும் ஏண்ணே கீழ இருந்து?" என்று ஜாஸ்லின் கேமராக்காரரிடம் கேட்டாள்.

"பேய்ன்னா அப்படித்தாம்மா."

"செவத்த பேயே கெடையாதாண்ணே?"

சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "ஜனங்க எதப் பாத்து பயப்படுவாங்களோ அதத்தான காட்ட முடியும்?" என்றார் அவர். "நீ கண்ணச் சிமிட்டாத. தலைய ஒரு பக்கமா சாச்சுக்க. கைய மெதுவா நீட்டு. அது போதும்."

அது போதுமாகத்தான் இருந்தது. படம் வந்ததும் தங்கச்சிமடத்தில் பாதிப்பேர் வேன் பிடித்து ராமநாதபுரம் போய் விசிலடித்துப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது வேனில் அவள் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. பிறகு தெருப்பிள்ளைகள் போனில் அந்தக் காட்சியை ஜெரோஷாவுக்குக் காட்டினார்கள். அன்றிலிருந்து பிள்ளை அம்மாவைத் தொடவில்லை.

இத்தனை நாளும் கோளாறெல்லாம் பார்க்கிறவர்களின் கண்ணில்தான் என்று ஜாஸ்லின் நினைத்திருந்தாள். இப்போது கூரையைப் பார்க்கப் பார்க்க அந்த ஆறுதலும் போயிற்று. சுவர்க் கண்ணாடியின் முன்னால் போய் நின்றாள். தாடை பளிச்சென்று தெரிந்தது. மூக்கின் நிழல் நெற்றியில் ஏறியிருந்தது. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு பள்ளம். கைநீட்டி டியூப்லைட்டை அணைத்தாள்.

கண்ணாடியில் முகம் அணையவில்லை.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் கட்டிலும் பாயும் கண்ணுக்குத் தெரியாமல் போயின. அவள் முகம் மட்டும் தாடையிலிருந்து மேலாக எரிந்துகொண்டிருந்தது. தாடைக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு. ஷூட்டிங்கில் பெரிய விளக்குகளுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அடிக்குமே, தூசி கருகுகிற வாடை, அது மூக்கில் ஏறியது. தூரத்தில், ஷூட்டிங்கில் கேட்ட அதே ஜெனரேட்டர் உறுமிற்று. கரையில் ஏதோ விசைப்படகு என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். திருநாள் அன்றைக்கு எவனும் படகை எடுக்கமாட்டான் என்பதும் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

கதவு திறந்தது. டேவிட்ராஜின் அக்கா அற்புதம்மாள் முக்காடும் ஜெபமாலையுமாக உள்ளே வந்து விளக்கைப் போட்டாள்.

"என்ன புள்ள, இருட்டுக்குள்ள நிக்கிற? கெளம்பலயா?"

"மதினி, என் மூஞ்சியில எதும் தெரியுதா?"

"என்னத்தத் தெரியும்? எப்பவும் போலத்தான் இருக்கு." அற்புதம்மாள் பாயிலிருந்த மெழுகுதிரிப் பொட்டலத்தைப் பார்த்தபடி சொன்னாள். அவள் நிமிரவே இல்லை.

அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததும்தான் ஜாஸ்லினுக்கு ஒரு வழி தோன்றியது. இன்று கல்லறைத் திருநாள். ஊரே போய் அவரவர் குடும்பக் கல்லறை மணலில் மெழுகுதிரி குத்தி ஏற்றும். அங்கே எல்லா முகத்துக்கும் கீழேயிருந்துதான் வெளிச்சம், ஊரில் அழகியென்று பேர் வாங்கினவளுக்கும் சரி, சாமியாருக்கும் சரி. அந்தக் கூட்டத்தில் தானும் ஒருத்தியாக நின்றுவிட்டால், இதெல்லாம் விளக்கு செய்கிற வேலை, அம்மா அம்மாதான் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். பயந்து கட்டிலுக்கடியில் ஒளிகிற பிள்ளையை மற்றவர்கள் வேறெங்காவது கூட்டிப்போவார்கள். கல்லறைக்குக் கூட்டிப்போக அந்தக் கரையில் வளர்ந்தவளுக்குத்தான் தோன்றும்.

"நானும் வாரேன் மதினி. நீங்க பாப்பாவப் பிடிச்சுக்கங்க."

அற்புதம்மாளும் ஜெரோஷாவும் கைகோத்து முன்னால் போக, அவள் பத்தடி பின்னால் நடந்தாள். கருவாட்டு வாடையும், மழைக்கு முந்தின மண்வாசனையும், கூடைகூடையாகப் போகிற செவ்வந்தியின் மணமும் தெருவில் கலந்து நின்றன. கடல் எங்கேயோ வலப்பக்கத்தில், ஒரே அலையைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தது. அவள் நெருங்க நெருங்க வீட்டு வாசல்கள் சாய்ந்தன. முதலில் மளிகைக்கடை வாசல். அப்புறம் மின்கம்பம். கடந்து போய்த் திரும்பிப் பார்த்தால் நேராக நின்றன. அவளுடைய தலை இடப்பக்கம் சரியப் பார்த்தது. கழுத்தை இறுக்கி நிமிர்த்திக்கொண்டாள். எதிரே வந்த மீன்காரி அவளைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, இடுப்புப் பிள்ளையின் முகத்தைத் தோளில் அழுத்தினாள்.

கண்ணைச் சிமிட்ட வேண்டும் என்று நினைத்து நினைத்துத்தான் சிமிட்ட முடிந்தது.

கல்லறைத் தோட்டம் வந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். சுண்ணாம்படித்த சிலுவைகளுக்கு நடுவே, ஈரமணல் முழுக்க, எண்ண முடியாத மெழுகுதிரிகள். குனிந்தவர்கள், முழங்காலிட்டவர்கள், சும்மா நின்றவர்கள் எல்லோருடைய முகமும் கீழேயிருந்து எரிந்தது. எல்லோருடைய கண்ணும் பள்ளம். எல்லோருடைய மூக்கின் நிழலும் நெற்றியில். டேவிட்ராஜின் கல்லறைக்கு முன்னால் உட்கார்ந்து அவளும் திரிகளை ஏற்றினாள். தேன்மெழுகின் மணம், செவ்வந்தி, ஜெபத்தின் முணுமுணுப்பு. யாரும் அவளை விட்டு ஒதுங்கவில்லை.

மற்றப் பிள்ளைகள் உருகி வழிந்த மெழுகைச் சுரண்டி உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெரோஷாவுக்கும் ஆசை. அத்தையைப் பார்த்தாள். அத்தை கண்மூடி ஜெபத்தில் இருந்தாள். பிறகு அன்றைக்கு முதல்தடவையாக அம்மாவைப் பார்த்தாள். சுற்றியிருந்த முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எல்லாரும் ஒன்ன மாதிரியே இருக்காக" என்றாள்.

"ஆமாத்தா. வெளிச்சம் இங்கன கீழ இருக்குல்ல, அதான்."

"நானுமா?"

"நீயும்தான்."

பிள்ளை யோசித்தது. பின்பு மெழுகு பிசுபிசுத்த கையை நீட்டி அம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டது. ஜாஸ்லின் மூச்சுவிடவும் பயந்து அப்படியே இருந்தாள். இனி எது வந்தாலும் வரட்டும் என்றிருந்தது.

வாடைக்காற்று அப்போதுதான் எழுந்தது. கடல்பக்கச் சுவரோரமிருந்த திரிகள் முதலில் போயின. அடுத்த வரிசை. அதற்கடுத்தது. யாரோ முந்தானையை விரித்து மறைத்தார்கள். பயனில்லை. புகை. கருகிய திரியின் வாடை. கல்லறைத் தோட்டத்தில் வேறு விளக்கு கிடையாது. பக்கத்திலிருந்த முகங்கள் இருட்டுக்குள் போயின.

இப்போது பார்ப்பார்கள்.

கண்களை மூடிக்கொண்டாள். தாடைக்குக் கீழே சூடு தெரிகிறதா என்று பார்த்தாள். இல்லை. கையை வைத்துப் பார்த்தாள். இல்லை. குளிர்ந்த தோல். ஈரக்காற்று. அவ்வளவுதான்.

போய்விட்டது. மாதாவே, போய்விட்டது.

ஜெனரேட்டர் உறுமிற்று. வெகு பக்கத்தில்.

ஒரு பெண் அலறினாள். இன்னொருத்தி. ஓடுகிற கால்கள், சிலுவையில் இடித்துக்கொண்டு விழுகிற சத்தம். ஜாஸ்லின் கண்திறந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், அவள் இடுப்புயரத்தில், எதையோ பார்த்துக்கொண்டு பின்வாங்கினார்கள். அற்புதம்மாள் மணலில் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தாள். ஜெபமாலை அறுந்துவிட்டிருந்தது.

"ஜெரோஷா..." என்றாள் அற்புதம்மாள். "ஏ... ஜெரோஷா..."

கைக்குள்ளிருந்த சின்னக் கை நடுங்கவில்லை. சுட்டது.

"அம்மா" என்றது பிள்ளை. "இப்ப எனக்கு பயமாவே இல்லம்மா."

ஜாஸ்லின் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. முன்னாலிருந்த வெள்ளைச் சுவரில், தன் மகளின் நிழல் பனைமர உயரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பிள்ளைகளைத் தங்கள் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, விழுந்தவர்கள் விழுந்த இடத்திலிருந்தே போன்களை எடுத்தார்கள். ஒன்று. இரண்டு. பத்து. தரையோடு தரையாக, அண்ணாந்தபடி, எல்லாம் ஜெரோஷாவை நோக்கி.

"எடுக்காதீங்க!" ஜாஸ்லின் கத்தினாள். "எம்புள்ளய எடுக்காதீங்க! அது சின்னப் புள்ள!"

முந்தானையை உருவி மகளின் தலைமேல் போட்டு, முகத்தை மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். துணிக்குள் அந்த முகம் தாடையிலிருந்து மேலாக எரிந்துகொண்டிருந்தது. இமைக்காத இரண்டு பள்ளங்கள் துணி வழியாகவே தெரிந்தன. மெதுவாக, மிக மெதுவாக, பிள்ளையின் தலை ஒருபக்கம் சாயத் தொடங்கியது.