பெயர் எழுதாத படகுகள்

நிவேதிகாவின் சித்தி கீர்த்தனிக்குக் கண் தெரியாது. ஆனால் உப்புவெளிக் கடலில் போகிற படகு யாருடையது என்று எஞ்சின் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். கைத்தொலைபேசி எழுத்துகளை வாசித்துச் சொல்லும். அதைக் காதில் வைத்தபடி உலகத்தையே சுற்றி வருவார்.

அப்படிப்பட்ட சித்தி, வெள்ளிக்கிழமை பின்னேரம் வாடிய முகத்தோடு கதிரையில் இருந்தார்.

“என்ன சித்தி?”

“நீயே கேள்.” சித்தி கைத்தொலைபேசியில் மூதூர்ப் படகுச் சேவையின் இணையத்தளத்தைத் தட்டினார்.

“படம்,” என்றது அது. “படம். படம்.”

நிவேதிகாவுக்குச் சிரிப்பு வந்தது. எட்டிப் பார்த்தாள். எல்லாம் படகு நேரங்கள்தான். யாரோ அறிவித்தலைத் தாளில் அடித்து, கையொப்பம் வைத்து, முத்திரை குத்தி, அந்தத் தாளைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் தேத்தண்ணிக் கோப்பைகூடத் தெரிந்தது.

“நான் வாசிக்கிறன் சித்தி.”

“இண்டைக்கு வாசிப்பாய். திங்கட்கிழமை?”

சிரிப்பு நின்றுவிட்டது. திங்கட்கிழமை சித்தி குடாவுக்கு அக்கரையில், மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சங்கீத ரீச்சராகப் போகவேண்டும். அதுதான் முதல் நாள். காற்றைப் பொறுத்துப் படகு நேரம் மாறும். அன்றைய நேரம் விடியக் காலையில்தான் தளத்தில் வரும்.

“அப்பாவைக் கேட்கலாமே?”

“ஒவ்வொரு நாளும் ஆரையாவது கேட்டுத்தான் போறதெண்டால், வேலைக்குப் போறது நானோ, அவையோ?”

சித்திக்காக நிவேதிகாவின் மனம் நொந்தது. யன்னலோரம் சாய்ந்து கடலைப் பார்த்தாள். உப்புக் காற்று முகத்தைத் தடவியது. கண் சொக்கியது.

கனவில் அந்தப் படங்கள் எல்லாம் படகுகளாகிக் கொட்டியாரக் குடாவில் மிதந்தன. வெள்ளை வெள்ளையாக, சத்தமே இல்லாமல். “எங்க போறீங்கள்?” என்று கேட்டாள். “படம்,” என்றது ஒன்று. “படம்,” என்றது மற்றது. பாவம், அவற்றுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. ஒன்றின் பக்கத்திலும் பெயர் எழுதியிருக்கவில்லை.

திடுக்கிட்டு விழித்தாள். கரையில் நின்ற நிசப் படகுகளில் பெரிய எழுத்தில் பெயர் இருந்தது.

சனிக்கிழமை காலை இருவரும் இறங்குதுறை அலுவலகத்துக்குப் போனார்கள். தளத்தைக் கவனிப்பவர் றுவைஸ். சித்தி தன் புது வேலையைப் பற்றி அவரிடம் சொன்னார். மேசையில் அதே தேத்தண்ணிக் கோப்பை.

“அங்கிள், கண்ணை மூடிக்கொண்டு இதை ஒருக்காக் கேளுங்கோ.” நிவேதிகா சித்தியின் கைத்தொலைபேசியை நீட்டினாள்.

றுவைஸ் கண்ணை மூடினார். “படம். படம். படம்.”

“இப்ப சொல்லுங்கோ, பின்னேரப் படகு எத்தனை மணிக்கு?”

“நான்தான் போட்டனான். ஆனா மறந்துபோச்சே.” அவர் ஒற்றைக் கண்ணை மெல்லத் திறந்தார்.

“அது கள்ள விளையாட்டு அங்கிள்.”

சித்தி சிரித்துவிட்டார். றுவைஸ் சிரிக்கவில்லை. “எங்களுக்கு இது தெரியாமப் போச்சு ரீச்சர். ஆனா கையொப்பமும் முத்திரையும் இல்லாட்டி ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. வெறும் எழுத்தை மட்டும் போட மேலதிகாரி விடமாட்டார்.”

நிவேதிகா யன்னலுக்கு வெளியே நின்ற படகைக் காட்டினாள். “அங்கிள், அந்தப் படகில பேர் எழுதினதால படகு இல்லாமப் போச்சோ?”

“இல்லையே.”

“படமும் அப்பிடியே இருக்கட்டும். அதில என்ன இருக்கெண்டு பக்கத்தில எழுதிவிடுங்கோ. ஃபோன் வாசிக்கும்.”

றுவைஸ் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கணினியை இழுத்தார். “ஓம் மகள். அது ஏலும்.”

திங்கட்கிழமை விடிந்தது. நிவேதிகா சப்பாத்தைக்கூடப் போடாமல் சித்தியின் அருகே நின்றாள். சித்தி தளத்தைத் திறந்து அன்றைய அறிவித்தலைத் தட்டினார்.

“படம். மூதூர்ப் படகு, காலை ஏழு மணி பத்து நிமிடம். கையொப்பமும் முத்திரையும் உண்டு. மூலையில் தேத்தண்ணிக் கோப்பை.”

சித்தி வயிறு குலுங்கச் சிரித்தார்.

“இறங்குதுறை வரைக்கும் நானும் வரட்டோ சித்தி?”

“வேண்டாம். நீ பள்ளிக்கூடம் போ. நான் போயிட்டு வாறன்.”

வெள்ளைப் பிரம்பு டக் டக் என்று வாசல் படலையைத் தாண்டிப் போனது.

ஏழு பத்துக்கு நிவேதிகாவின் பஸ் துறைமுகத்தடியால் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பக்கமிருந்து ஓர் எஞ்சின் சத்தம் கிளம்பியது. அவள் எட்டிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அது சித்தியின் படகுதான் என்று சத்தத்திலேயே தெரிந்தது.