இரைச்சல் அடங்கும்போது

பேட்டரி அழுத்தத்தைக் குறைக்க ஸ்டெல்லா குமிழைத் தொடுவதற்கு முன்பே ஸ்பீக்கரில் இரைச்சல் அடங்கிவிட்டது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

ஆராய்ச்சிக்கு லாரி அதிர்வு எட்டாத இடம் வேண்டுமென்றுதான் கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு, அரியூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் வீடு பிடித்து, மகள் தேன்மொழியோடு மலையேறியிருந்தாள். திரவ நைட்ரஜன் குடுவைக்குள் தலைமுடியைவிட மெல்லிய படிகம். அதற்குள் மின்னூட்டம் அலையலையாகக் கட்டுண்டு கிடக்கும். பேட்டரியின் அழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டினால் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு நகரும், ஸ்பீக்கரில் உஸ்ஸென்று இரையும். குறைத்தால் மறுபடி சிக்கிக்கொள்ளும். ஒரே மாதிரி ஏற்றி இறக்கினால் படிகம் அந்தத் தாளத்தையும் பழகிக்கொள்ளும். இரைச்சல் அடங்கும் அந்த நொடியில் மேசை துளியும் அதிரக் கூடாது. அதற்காக மகளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தாள்: அம்மா விரலைத் தூக்கினால் மூச்சைப் பிடி, இரைச்சல் திரும்பினால் விடு. நல்ல விளையாட்டு, போ.

சமையலுக்கு வரும் கண்ணாயி புறப்படும்போது தயங்கி நின்றாள்.

"ஏனுங்க, பாப்பா தூங்கறப்பவும் மூச்சப் புடிக்குதுங்க. எனக்கு மனசே செரியில்லீங்க."

அவள் போனதும் பனிமூட்டம் ஜன்னல் வழியாக ஈரமண் வாசனையோடும் மிளகுக்கொடி வாசனையோடும் உள்ளே வந்து, விளக்கைச் சுற்றி மங்கலாகத் தேங்கியது. இரைச்சல் மறுபடி தானாக அடங்கியது. ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த மகளின் நெஞ்சு அசையவில்லை. இவள் விரலே தூக்கவில்லை.

"விடு கண்ணு. மூச்ச விடு."

உலுக்கினாள். உதடு கறுத்துக்கொண்டே வந்தது. சட்டென்று குமிழைத் திருகினாள். இரைச்சல் வந்தது, நெஞ்சு எழுந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். நம்பாமல் ஒருமுறை இறக்கிப் பார்த்தாள், ஆராய்ச்சிப் புத்தி. நெஞ்சு நின்றது. அலறிக்கொண்டு ஏற்றினாள்.

அப்போதுதான் மீட்டரைப் பார்த்தாள். முள் இறங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி தீர்கிறது. மாற்று பேட்டரி வெளியே காரில். மாற்றுவதென்றால் இதைக் கழற்ற வேண்டும், இரைச்சல் நின்றுவிடும். கண்ணாயியைக் கூப்பிட்டாள். பனிதான் இருந்தது.

குமிழ் கடைசிவரை போய் முட்டியது. இரைச்சல் மெலிந்தது. விட்டு விட்டு வந்தது. நின்றது.

தேன்மொழி கண்ணைத் திறந்து அம்மாவின் விரலையே பார்த்தாள். ஸ்டெல்லா கையை இறக்கினாள். இன்னும் இறக்கினாள். தரையில் அழுத்தினாள். மகளின் வாய் திறக்கவில்லை.

பேட்டரி செத்த ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது, தேன்மொழியின் சளி கட்டிய சின்ன மூக்கின் மூச்சு. உள்ளே, வெளியே. நிதானமாக.