காற்றை இழுக்கும் அறை

கதவின் அடியிடுக்கில் தஹானி ஒட்டியிருந்த மெல்லிய காகிதத் துண்டு உள்பக்கம் வளைந்தது. அது சரி. பிறகு மெதுவாக வெளிப்பக்கம் வளைந்தது. அது சரியில்லை.

ஆய்வகம் வடிவமைக்கிறவர்களுக்கு இது பாலபாடம். வாயு கையாளும் அறை தாழ்வாரத்துக் காற்றை ஓயாமல் உள்ளே இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளிருப்பது இந்த வழியாக வெளியே வரவே கூடாது. அதைச் சோதித்துப் பார்க்க ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தைவிட நல்ல நேரம் அலெக்சாந்திரியாவில் கிடையாது. நோன்பு திறக்கலாம் என்று அறிவிக்கும் பீரங்கி வெடித்ததும் கட்டடமே சாப்பாட்டுக்கு ஓடிவிடும். எந்தக் கதவும் திறந்து மூடாது, காற்று ஆடாமல் அசையாமல் நிற்கும்.

"பெகீத் மாமா, விசிறி பெல்ட் தளர்ந்திருக்கு போல. கொஞ்சம் அணைங்களேன்" என்றாள்.

காவலர் பெகீத் தாழ்வாரக் கோடியில் இருந்த பெட்டியைத் திறந்து விசையைக் கீழே தள்ளினார். "அணைச்சாச்சு இன்ஜினியரம்மா. பீரங்கி போட்டு எவ்வளவு நேரமாச்சு! ஒரு பேரீச்சம்பழமாவது வாயில போடுங்க. போனவரு உங்களைப் பட்டினி கெடக்கவா சொல்லிட்டுப் போனாரு?"

அவள் காகிதத்தின் பக்கம் குனிந்தாள். அவர் முனகிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

விசிறியின் ரீங்காரம் குழாய்களுக்குள் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. கடலின் உப்பும் புதுப் பெயிண்டின் நெடியும் கலந்த தாழ்வாரத்தில், எங்கோ கீழ்த்தளத்தில் கரண்டிகள் தட்டும் சத்தம் மட்டும் மிஞ்சியது. காற்றை இழுக்க இப்போது எதுவுமே இல்லை. ஆனாலும் காகிதம் உள்ளே வளைந்தது, வெளியே வளைந்தது. வெளியே வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் தடங்கல்.

அந்தத் தடங்கலை அவளுக்குத் தெரியும். பல வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தம் அது. அவள் கணவன் ஹாஸிமுக்கு ஆஸ்துமா.

இந்த அறையைக் காகிதத்தில் வரைந்தபோது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, ரமலானில் சூரியன் மறைந்ததும் விசிறி தானாகப் பாதி வேகத்துக்கு இறங்கட்டும் என்று அவள்தான் யோசனை சொன்னாள். "அந்த நேரத்துல ஆய்வகத்துல எந்தப் பைத்தியக்காரன் இருக்கப்போறான்?" என்று கேட்டு அதை ஆமோதித்தவன், இங்கே ஆராய்ச்சி செய்த ஹாஸிம்தான். கூட்டமே சிரித்தது.

போன ரமலானில் அந்தப் பைத்தியக்காரன் போன் செய்தான். "நீ ஆரம்பி கண்ணு. ஒரே ஒரு குடுவை திரவ நைட்ரஜன் நிரப்பிட்டு ஓடி வந்துடறேன்." அவளும் ஆரம்பித்தாள். விசிறி பாதி வேகத்தில் சுற்ற, கொதித்தெழுந்த நைட்ரஜன் அறையிலிருந்த காற்றை அடித்துத் துரத்த, அவன் தரையில் கிடந்தபோது, அவள் இரண்டாவது கரண்டி சாதம் போட்டுக்கொண்டிருந்தாள். செத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டாள். பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் செத்தான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதன் பிறகு அவள் ஒரு வேளையும் வயிறாரச் சாப்பிட்டதில்லை.

கதவைத் தள்ளினாள்.

காலி அறை. துடைத்த மேசைகள். நிசப்தம். காகிதம் அசையாமல் தொங்கியது. அவள் பின்வாங்கிக் கதவை மூடினாள். உடனே அந்த மூச்சு, விட்ட இடத்திலிருந்து. கூடவே ஒரு வாசனை: இழுப்பு வரும் இரவுகளில் அவள் கையால் அவன் நெஞ்சில் தேய்த்துவிட்ட கருஞ்சீரக எண்ணெய்.

"ஹாஸிம்?"

மூச்சு வேகமெடுத்தது. விசில் போல இழுத்தது. மூடிய கதவுக்குப் பின்னால் அவன் மறுபடியும் திணறிக்கொண்டிருந்தான். கதவைத் திறந்தால் இல்லாமலே போய்விடுவான். ஓடிவிடு என்றது உடம்பு. அவளால் முடியவில்லை.

உள்ளே போனாள். திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வந்துட்டேன்டா. இங்கதான் இருக்கேன். இனிமே தனியா விடமாட்டேன்."

இருட்டில், அவள் முதுகுக்குப் பின்னால், இழுப்பு தணிந்தது. ஒரு மூச்சு நீண்டது. அடுத்தது இன்னும் நீண்டது. தடங்கலே இல்லை. உயிரோடு இருந்தபோதுகூட அவன் இப்படி நிம்மதியாக மூச்சு விட்டதில்லை. தஹானி அழுதாள். அழுவதற்குக் காற்றை இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். நெஞ்சு விரிந்தது. உள்ளே எதுவும் போகவில்லை. பின்னால் அவன் இழுத்தான். ஆழமாக. ஆனந்தமாக.

கைப்பிடி. பிடித்தாள். விரலில் பலமில்லை.

தாழ்வார விளக்கு எரிந்தது. கதவின் கண்ணாடிக்கு அப்பால் பெகீத், கையில் அவளுக்காக மூடி எடுத்துவந்த சாப்பாட்டுத் தட்டு. தட்டு நழுவி விழுந்தது. அவர் வாய் அலறியது, சத்தம் கேட்கவில்லை. இரு கையாலும் கதவைத் தள்ளினார், அது அசையவில்லை. ஆனால் அவர் கண் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்தது.

அவளும் நிமிர்ந்தாள்.

அங்கே, ஹாஸிமின் உயரத்தில், கண்ணாடியில் மூச்சு பட்டு ஒரு பனிவட்டம் படர்ந்தது. சுருங்கியது. படர்ந்தது.

திறந்து கிடந்த அவள் வாய்க்கு எதிரே கண்ணாடி துடைத்ததுபோல் இருந்தது.