அக்காவின் கையிலிருந்த அட்டை

"கார்டை மட்டும் சரி பண்ணிக் குடுத்துடுங்க மேடம். எங்க அக்காவை எதுலயும் மாட்டிவிட்டுடாதீங்க."

அமெரிக்காவின் யங்ஸ்டவுன் நகர இலவசச் சட்ட உதவி அலுவலகத்துக்குள் நுழைந்த அந்த மனிதர் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டார். பெயர் வெண்டல் க்ராப்ட்ரீ. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. இரும்பாலையில் வேலை பார்த்தபோது சாரத்திலிருந்து விழுந்ததில் நெற்றியில் ஒரு பள்ளம். அன்றிலிருந்து கணக்கு வழக்கு எதுவும் அவர் தலையில் நிற்பதில்லை. கையில் காசு இருந்தால் கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடுவார். அதனால் அவருடைய உதவித்தொகையை வாங்கி அவருக்காகச் செலவு செய்யும் பொறுப்பை அரசாங்கம் அவர் அக்கா ஆர்லீனிடம் ஒப்படைத்திருந்தது. அந்தப் பணத்தை எடுக்கும் அட்டையும் அக்காவிடம்தான்.

வழக்கறிஞர் இமொஜின் ஸ்ட்ரௌட் அம்மாள் அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அவருடைய உதவியாளன் ஹூடாக் அதற்குள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். எந்த வழக்கு வந்தாலும் அவனுக்கு அதில் ஒரு குற்றவாளி உடனே தெரிவான்.

"அக்கா கடைசியா எப்போ வந்தாங்க?" என்று கேட்டார் அம்மாள்.

"இலையுதிர் காலத்துல, மரமெல்லாம் செவந்து கெடந்தப்போ. அதுக்கு முன்னாடி வாராவாரம் வருவா. வாடகை கட்டுவா, அவிச்ச பீன்ஸும் ரொட்டியும் குடுப்பா. சனிக்கிழமை மட்டும் வரமாட்டா, அன்னைக்கு அவளுக்கு சர்ச். ஊருக்குப் போறதா இருந்தா அவளோட ஊதாப்பூச் சட்டியெல்லாம் தூக்கிட்டு வந்து என் ரூம்ல வெச்சிடுவா. மச்சான் தண்ணி ஊத்த மாட்டாராம். இப்போ ஃபோன்ல செய்தி மட்டும்தான் வருது."

கைப்பேசியை நீட்டினார். ஹூடாக் உரக்கப் படித்தான்.

"கார்டை அரசாங்கம் முடக்கி வெச்சிருக்கு. நான் பேசிக்கிட்டு இருக்கேன். நீ யார்கிட்டயும் போய் நிக்காதே. எல்லாம் சரியானதும் பன்னித்தொடை சுட்டு எடுத்துட்டு வரேன்."

"பன்னித்தொடை!" என்று வெண்டல் குழந்தைபோலச் சிரித்தார். சிரிப்பு உடனே அடங்கியது. "வீட்டுக்காரம்மா ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டா மேடம். வெளியே இந்தக் குளிர்ல..."

அன்று மதியமே அவரை அழைத்துக்கொண்டு உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, கார்டில் ஒரு கோளாறும் இல்லை என்றாள். மாதம் தவறாமல் பணம் போய்க்கொண்டிருக்கிறது. போட்ட அன்றே எடுத்தும்விடுகிறார்கள்.

வெளியே வந்ததும் ஹூடாக் கிசுகிசுத்தான். "முடிஞ்சுது மேடம். சொந்த அக்காவே சுருட்டிட்டாங்க."

"சுருட்டுறவங்க பன்னித்தொடை வேற சுட்டுத் தரேன்னு சொல்லுவாங்களா?" என்ற அம்மாள், காரில் ஏறியதும் வெண்டலின் பக்கம் திரும்பினார். "அக்கா வீட்ல பன்னிக்கறி சமைப்பாங்களா?"

"ஐயே, தொடவே மாட்டா. அவங்க சர்ச்சுல அது பாவம்." சொல்லிவிட்டு வெண்டல் குழம்பிப்போனார். "அப்புறம் எப்படி..."

அம்மாள் வண்டியை எடுத்தார்.

ஆர்லீனின் வீடு மூடிக்கிடந்த ஆலைக்குப் பின்புறத் தெருவில் இருந்தது. அவர்கள் போய் இறங்கியபோது ஆர்லீனின் கணவர் ராய்ஸும் அப்போதுதான் எங்கிருந்தோ வந்து காரை நிறுத்திக்கொண்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை. வெண்டலைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"ஆர்லீன் கென்டக்கில இருக்கா. சித்தி பொண்ணுக்கு ரொம்ப முடியல, பாத்துக்கப் போயிருக்கா" என்றபடி கதவைத் திறந்தார்.

வீட்டுக்குள்ளும் குளிரில் உடம்பு விறைத்தது. வாசலருகே கொக்கியில் ஒரு பெண்ணின் கனத்த கம்பளிக் கோட்டு தொங்கியது. சமையலறை ஜன்னலில் ஊதாப்பூச் சட்டிகள் வரிசையாக இருந்தன. எல்லாச் செடியும் காய்ந்து சருகாகியிருந்தது. ராய்ஸ் பையிலிருந்து ஒரு வெந்நீர்க் குடுவையையும் சின்ன ரப்பர் கரண்டியையும் எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டார். மேசையில் ஒரு மாவு டப்பா. அம்மாள் அதை எடுத்துப் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

ஹூடாக்கால் பொறுக்க முடியவில்லை. ஆர்லீனின் எண்ணுக்குத் தன் கைப்பேசியிலிருந்து அழைத்தான். ராய்ஸின் சட்டைப்பைக்குள் மணி அடித்தது.

"கொன்னுட்டியா? பொண்டாட்டியக் கொன்னுட்டு அவங்க பேர்ல செய்தி அனுப்புறியா? மேடம், போலீஸைக் கூப்பிடுங்க!" என்று கத்தினான் ஹூடாக்.

வெண்டல் நாற்காலியில் சரிந்தார்.

"உட்காரு ஹூடாக்" என்றார் அம்மாள். "வெண்டல், நான் சொல்றதைக் கேளுங்க. அக்கா உயிரோட இருக்காங்க."

பிறகு ராய்ஸைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னார். "அந்தச் செய்தி ஆர்லீன் எழுதினது இல்ல. அவங்க தொடாத கறியைத் தரேன்னு அவங்களே சொல்ல மாட்டாங்க. அவசரத்துல உங்க ஆசையை எழுதிட்டீங்க. ஊருக்கும் போகல. போயிருந்தா இந்தச் சட்டியெல்லாம் தம்பி ரூம்ல இருந்திருக்கும், இந்தக் கோட்டு அவங்க மேல இருந்திருக்கும். திடீர்னுதான் இந்த வீட்டை விட்டுப் போயிருக்காங்க."

"அதைத்தானே நானும் சொல்றேன்!" என்றான் ஹூடாக்.

"செத்தவங்களுக்கு எதுக்குப்பா ரப்பர் கரண்டி? இந்த டப்பால இருக்கிறது தண்ணியைக் கெட்டியாக்குற மாவு. பக்கவாதம் வந்து முழுங்க முடியாதவங்களுக்குக் குடுக்குறது. இந்த வீட்ல நோயாளி யாரும் இல்ல. இவர் சாப்பாட்டு நேரம் முடிஞ்சு, காலிக் குடுவையோட வர்றார்." அம்மாளின் குரல் தணிந்தது. "எந்தப் பராமரிப்பு இல்லத்துல இருக்காங்க ராய்ஸ்?"

ராய்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற இல்லத்துல" என்றார். "பாத்திரம் கழுவிட்டே விழுந்துட்டா. பேச்சு போச்சு, ஒரு பக்கம் முழுக்கப் போச்சு. அங்க வேலை பாக்குறவங்க ரெண்டு வாய் ஊட்டிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுறாங்க. நான் ஊட்டினாத்தான் முழுங்குறா. தினமும் போனதுல என் வேலை போச்சு. அவ பணத்தை இல்லமே எடுத்துக்குது. இவன் கார்டு அவ கைப்பைல இருந்துச்சு, அதுலதான் சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் ஓடுச்சு. அடுத்த மாசம் சொல்லிடலாம், அடுத்த மாசம் சொல்லிடலாம்னு..."

"எங்கிட்ட ஏன் மச்சான் சொல்லல?" என்றார் வெண்டல்.

"உங்கிட்ட சொன்னா ஊருக்கே சொல்லுவடா. கார்டைப் புடுங்கிடுவாங்க."

வெண்டல் எழுந்தார். ஒரு குவளையில் தண்ணீர் பிடித்து, காய்ந்த சட்டிகளில் ஒவ்வொன்றாக ஊற்றினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. கடைசிச் சட்டியில் ஊற்றி முடித்ததும் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அக்கா என்னைத் தேடினாளா?"

"வாசலையே பாப்பா" என்றார் ராய்ஸ். "யாரைத் தேடுறான்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

திரும்பும் வழியில் வெண்டல் கெஞ்சினார். "மச்சானைக் காட்டிக் குடுக்காதீங்க மேடம். நான் எப்படியோ இருந்துக்குவேன்."

"சொல்லாம இருந்தா வேற பொறுப்பாளர் போட முடியாது. கார்டு அவர் கையிலேயே இருக்கும். நீங்க நடுத்தெருவுல நிப்பீங்க" என்றார் அம்மாள். அவர் இவ்வளவு களைத்துப் பேசி ஹூடாக் கேட்டதில்லை. மறுநாள் காலையில் அம்மாள் உதவித்தொகை அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எதுவுமே நேராக நடக்கவில்லை. புதிய பொறுப்பாளர் கிடைக்கும்வரை பணத்தை நிறுத்தி வைத்தார்கள். பொறுப்பேற்க வெண்டலுக்கு வேறு சொந்தம் யாரும் இல்லை. போன பணத்தை ராய்ஸிடம்தான் வசூலிக்க வேண்டுமாம். ராய்ஸிடம் என்ன இருக்கிறது? வீட்டுக்காரம்மா வெண்டலின் மூட்டையை வாசலில் எடுத்து வைத்தாள். வெண்டல் வீடற்றவர்களுக்கான விடுதிக்குப் போனார். விசாரணைக்கு அழைப்பு வந்ததும் ராய்ஸ் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார்.

ஒருவழியாக ஒரு தொண்டு நிறுவனம் பொறுப்பேற்க ஒப்புக்கொண்டது. அதைச் சொல்ல ஹூடாக் ஓட்டமும் நடையுமாக விடுதிக்குப் போனான். வெண்டல் அங்கே இல்லை. தினமும் இரண்டு பஸ் மாறி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார் என்றார்கள்.

இல்லத்தில் ஆர்லீன் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். வெண்டல் மசித்த காரட்டைக் கரண்டியில் எடுத்து, ஊதி, அவள் உதட்டருகே கொண்டுபோனார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"ஒரே ஒரு வாய், அக்கா. நான்தான் வெண்டல்."

அவள் கண்கள் தம்பியைத் தாண்டி வாசலுக்குப் போயின. அங்கே நின்ற ஹூடாக்கைப் பார்த்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. யாரென்று தெரிந்ததும் அது அணைந்தது.

"பகல் சாப்பாட்டு நேரம் வந்தாப் போதும், இப்படித்தான்" என்றார் வெண்டல், கரண்டியைக் கீழே வைக்காமலே. "மச்சானைத் தேடுறா."

கார்டு விஷயம் முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் ஹூடாக் வந்திருந்தான். அதைச் சொல்லாமல், கட்டிலின் மறுபக்கம் போய் அவள் கழுத்துக்குக் கீழே சரிந்திருந்த துணியை நேராக்கினான். வெண்டல் மறுபடியும் கரண்டியை நீட்டினார்.

அவள் வாய் திறக்கவில்லை.